கட்டுவது 300-க்கு, ரூமுக்கு வருவது 94... உங்கள் வீட்டு இன்டர்நெட் எங்கே மாட்டிக்கொள்கிறது?

ஒரு சின்ன டெஸ்ட் முடித்துவிட்டு வாருங்கள், கட்டுரை எங்கேயும் ஓடிவிடாது. வீட்டு ரூட்டருக்குப் பக்கத்தில் போய் நின்று, போனில் ஸ்பீடு டெஸ்ட் ஓடவிடுங்கள். வருகிற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், ராத்திரி நீங்கள் படுத்துக்கொண்டு ரீல்ஸ் பார்க்கிற இடத்தில் அதே டெஸ்ட். இந்த இரண்டோடு, மாசாமாசம் எத்தனை எம்.பி.பி.எஸ்-க்குப் பணம் கட்டுகிறீர்களோ அந்த எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். (எம்.பி.பி.எஸ் என்றதும் டாக்டர் சீட் ஞாபகம் வந்தால் நாங்கள் பொறுப்பில்லை. இது ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற கணக்கு.)

மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் உங்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. ஆனால் பல வீடுகளில் கதை வேறு. பில்லில் 300. ரூட்டர் பக்கத்தில் 94. பெட்ரூமில் 20-ஐத் தொட்டாலே பெரிய விஷயம். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்: "சார், எங்க சைடுல ஸ்பீடு சரியாத்தான் இருக்கு. வேணும்னா பிளானை அப்கிரேட் பண்ணிக்கோங்க."

இதில் முதல் வரி பெரும்பாலும் உண்மைதான். சிக்கல் இரண்டாவது வரியில்தான். வீட்டு வாசல் வரை வந்த ஸ்பீடு, வாசலுக்கும் கட்டிலுக்கும் இடையில் இருக்கிற பத்து மீட்டரில் காணாமல் போகிறது. அந்தப் பத்து மீட்டரைச் சரி செய்யாமல் பெரிய பிளானுக்கு மாறுவது, ஓட்டைக் குடத்துக்குப் பெரிய குழாய் போடுகிற வேலை.

தெரு மாறிவிட்டது, வீடு மாறவில்லை

உங்களில் சிலருக்கு இது பிறப்பதற்கு முந்தைய கதையாகக்கூட இருக்கலாம். 2004-ல் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை அறிவித்தபோது, நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அது 'பிராட்பேண்ட்'. 2013-ல் அதை 512 ஆக்கினார்கள். 2023 ஜனவரியில்தான் 2 எம்.பி.பி.எஸ் ஆனது. 2005-ல் பி.எஸ்.என்.எல் 'டேட்டாஒன்' என்ற பெயரில் பிராட்பேண்டைக் கொண்டுவந்தபோது, அது வந்தது தாத்தா காலத்து டெலிபோன் செம்புக் கம்பியில். போன் ஒரு பக்கம், மோடம் ஒரு பக்கம், நடுவில் ஸ்பிளிட்டர் என்று ஒரு குட்டி டப்பா. மழை பெய்தால் லைன் இரையும், நெட் போகும்.

அந்த மோடத்தை செட்டப் செய்தவர்களுக்கு இரண்டு எண்கள் மறக்கவே மறக்காது: வி.பி.ஐ 0, வி.சி.ஐ 35. ஏன் எதற்கு என்று தெரியாமலேயே மனப்பாடமாகத் தட்டிய எண்கள். அவை ஏ.டி.எம் என்ற பழைய நெட்வொர்க் முறையின் முகவரிகள் (பணம் எடுக்கிற மெஷின் இல்லை, பெயர் மட்டும்தான் அது). டெலிபோன் கம்பெனிகளின் உலகத்தில் உருவான முறை. எந்தத் தகவலாக இருந்தாலும் 53 பைட் துண்டுகளாக நறுக்கும். ஒவ்வொரு துண்டிலும் 5 பைட் முகவரிக்கே போய்விடும். அதாவது, உங்கள் சினிமாவோ பாட்டோ வருவதற்கு முன்பே கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு காலி. குரலைத் தடங்கல் இல்லாமல் அனுப்ப நல்ல ஏற்பாடு. ஆனால், வீடியோவும் டவுன்லோடும் பெருகிய காலத்துக்குச் சுமை.

அதை ஓரங்கட்டியது ஈதர்நெட். 1973-ல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆராய்ச்சி மையத்தில் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் இருவரும் ஆபீஸ் கம்ப்யூட்டர்களை இணைக்க உருவாக்கியது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வயருக்கு இன்னொரு பெயராகிவிட்ட இந்த ஈதர்நெட்டுக்கு ஐடியா கிடைத்ததே ஹவாய் பல்கலைக்கழகத்தின் 'அலோகா' என்ற ரேடியோ நெட்வொர்க்கிலிருந்துதான். ஆரம்பத்தில் 2.94 எம்.பி.பி.எஸ் வேகம். 1995-ல் 100. 1999-ல் சாதாரண செம்பு லேன் கேபிளிலேயே 1,000. மலிவு, எளிமை, எல்லா கம்பெனி பொருளும் ஒன்றோடொன்று பேசும். அதனால் ஆபீஸிலிருந்து கிளம்பி தெருவுக்கு வந்து, டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குள்ளேயும் புகுந்து ஏ.டி.எம்-மை வெளியே அனுப்பிவிட்டது.

அப்புறம் வந்தது ஃபைபர். 2019 செப்டம்பரில் ஜியோ ஃபைபர் வணிகரீதியாகத் தொடங்கியதும் மற்றவர்களும் விலையைக் குறைக்க, தெருவுக்குத் தெரு மின்கம்பத்தில் கறுப்பு ஃபைபர் தொங்க ஆரம்பித்தது. கொரோனா லாக்டௌனும் ஆன்லைன் வகுப்பும் மீதி வேலையை முடித்தன. இன்றைக்கு நாட்டில் வயர் வழி பிராட்பேண்ட் இணைப்புகள் 4 கோடிக்கும் மேல். வீட்டுக்கு வருகிற ஃபைபரில் பரவலாக இருக்கும் ஜிபான் முறையில், ஒரு இழையில் நொடிக்கு சுமார் 2.5 ஜிகாபிட் வரும். அதை 32 வீடோ 64 வீடோ பங்கு போட்டுக்கொள்ளும். நீங்கள் கேட்கும் 300-ஐ அது சிரமமில்லாமல் கொடுத்துவிடும்.

ஆக, தெருவில் அடுத்தடுத்து இரண்டு தலைமுறை மாறிவிட்டது. ஹால் மூலையில், டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால், தூசி படிந்து பச்சை லைட் சிமிட்டிக்கொண்டிருக்கும் அந்த ரூட்டர் மட்டும் மாறவில்லை. உங்கள் கையில் இருக்கிற போன் போன வருஷத்து மாடல். அந்த ரூட்டர் எந்த வருஷம் வாங்கியது என்று அப்பாவைக் கேட்டுப் பாருங்கள்.

94 என்கிற எண்ணின் ரகசியம்

இப்போது உங்கள் முதல் எண்ணுக்கு வருவோம். போன் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருக்கும்போது, பக்கத்திலேயே நின்றும், எத்தனை முறை பார்த்தாலும் 93, 94, 95-க்கு மேல் ஏறவே இல்லையா? அப்படியென்றால் நோய் தெரிந்துவிட்டது. வழியில் எங்கோ ஒரு 100 எம்.பி.பி.எஸ் போர்ட்டோ கேபிளோ உட்கார்ந்திருக்கிறது. 100-ல் முகவரி, சரிபார்ப்புக்கெல்லாம் போக நமக்கு மிஞ்சுவது 94 சொச்சம். பிளான் 200 ஆனாலும் 500 ஆனாலும் அந்த இடத்தைத் தாண்டி வருவது அதே 94-தான்.

ரூட்டர் அட்டைப்பெட்டி இங்கே நம்மை நன்றாக ஏமாற்றும். 'என்300' என்று பெரிதாக எழுதியிருக்கும். 300 பிளானுக்குச் சரியாக இருக்கும் என்று வாங்கி வந்துவிடுவோம். அந்த 300, வைஃபையின் காகிதக் கணக்கு. நடைமுறையில் அதில் பாதி வந்தாலே பெரிது. பின்னாலிருக்கும் வயர் குத்துகிற ஓட்டையோ வெறும் 100. சரி, 'ஏசி1200' வாங்கிவிடலாம் என்றால், அந்த 1,200 என்பது 2.4 ஜிகாஹெர்ட்ஸின் 300-ஐயும் 5 ஜிகாஹெர்ட்ஸின் 867-ஐயும் கூட்டி ரவுண்டு செய்த எண். உங்கள் போன் ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றில்தான் இருக்கும். அதோடு, விலை குறைந்த ஏசி1200 மாடல்கள் சிலவற்றிலும் பின்பக்கம் அதே 100 போர்ட்தான். பெட்டியின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் '10/100' என்று இருக்கிறதா, '10/100/1000' அல்லது 'கிகாபிட்' என்று இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கடைக்காரரிடம் "அண்ணே, வான் போர்ட் கிகாபிட்டா?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் கம்ப்யூட்டர் கடையிலோ இந்தக் கேள்விக்கு ஒரு தனி மரியாதை கிடைக்கும்.

ரூட்டர் சரி என்றால் அடுத்து ஃபைபர் வந்து சேரும் வெள்ளை டப்பா. ஓ.என்.டி என்பார்கள். கம்பெனிக்காரர்கள் கொடுப்பது. இதில் பல மாடல்களில் ஒரு போர்ட் மட்டும் கிகாபிட், மற்றவை 100. 'ஜி.ஈ', 'எஃப்.ஈ' என்று போர்ட்டுக்கு மேலே ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். ஜி-யில் குத்த வேண்டிய வயரை எஃப்-ல் குத்திவிட்டு வருஷக்கணக்கில் 300-க்குப் பணம் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். பிடுங்கிப் பக்கத்து ஓட்டையில் குத்தினால் வேலை முடிந்தது. செலவு பூஜ்யம்.

அதுவும் சரியாக இருந்தால்? கடைசியாகக் கேபிள். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த வில்லன், ஏனென்றால் யாருமே சந்தேகப்பட மாட்டார்கள். லேன் கேபிளுக்குள் எட்டு கம்பி, நான்கு ஜோடி. 100 எம்.பி.பி.எஸ்-க்கு அதில் நான்கு கம்பி போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அந்தக் காலத்தில் கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் நான்கு கம்பியை மட்டும் கிரிம்ப் செய்துவிட்டு மீதியை வெட்டிவிட்டிருக்கலாம். அல்லது ஒரே கேபிளின் எட்டு கம்பியைப் பிரித்து இரண்டு இணைப்புக்கு ஓட்டியிருக்கலாம். அன்றைக்கு அது தப்பும் இல்லை, பிளானே 10, 20 எம்.பி.பி.எஸ்-தானே. இன்றைக்கு அதே கேபிள்தான் உங்கள் 300-க்கு பிரேக் போடுகிறது. எலி கடித்தோ, கதவிடுக்கில் நசுங்கியோ, 100-க்குத் தேவைப்படாத அந்த மீதி நான்கில் ஒரு கம்பி போனாலும் இதே கதை. நெட் நிற்காது, எந்த எச்சரிக்கையும் வராது. இரண்டு முனையும் தங்களுக்குள் பேசி, 'சரி, 100-லேயே ஓடுவோம்' என்று சமரசம் செய்துகொள்ளும்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஆர்.ஜே.45 பின் கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே எட்டு நிறக் கம்பிகளும் முனைவரை வந்திருக்கின்றனவா என்று போன் டார்ச் அடித்துப் பாருங்கள். நீலமும் பழுப்பும் இல்லையென்றால் அதுதான். லேப்டாப்பில் அந்த வயரைக் குத்தி, விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கம் போனால் லிங்க் ஸ்பீடு 100/100-ஆ 1000/1000-ஆ என்று அதுவே சொல்லிவிடும்.

புதுக் கேபிள் வாங்குவதானால் மேலுறையில் 'கேட் 5இ' அல்லது 'கேட் 6' என்று அச்சிட்டிருக்க வேண்டும். வெறும் 'கேட் 5' என்று இருந்தால் அது பழைய தலைமுறை. ரொம்ப மலிவாகக் கிடைத்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். அலுமினியக் கம்பி மேல் செம்பு முலாம் பூசிய ரகம் சந்தையில் நிறைய உண்டு. 'சி.சி.ஏ' என்று எங்காவது எழுதியிருக்கும், எழுதாமலும் இருக்கும். கம்பி நுனியைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக மின்னும். சில மீட்டருக்கு ஓடிவிடும். நீளம் கூடினாலோ வளைத்து நெளித்தாலோ தகராறுதான். நல்ல செம்புக் கேபிள் 100 மீட்டர் வரை கிகாபிட்டைக் கொண்டுபோகும். நம் வீடு அவ்வளவு பெரிதா என்ன?

"நான் போன்தானே யூஸ் பண்றேன், எனக்கெதுக்கு வயர்?"

நியாயமான கேள்வி. (போனில் கூட டைப்-சி அடாப்டர் மாட்டி லேன் வயரைக் குத்தலாம். ஆண்ட்ராய்டு ஏற்றுக்கொள்ளும். ஆனால் அந்தக் கோலத்தில் ரீல்ஸ் பார்க்க யாரும் விரும்ப மாட்டீர்கள்.)

இது உங்கள் இரண்டாவது எண்ணுக்கான பதில். ரூட்டர் பக்கத்தில் 280, பெட்ரூமில் 20 என்றால் போர்ட் மேல் குற்றமில்லை, சுவர்தான் காரணம். நம் ஊர் வீடுகள் செங்கல்லும் கான்கிரீட்டும். அதில் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒன்றிரண்டு சுவருக்குள் சோர்ந்துவிடும். மாடிக்குப் போக வேண்டுமென்றால் கம்பி கட்டிய தளம் வேறு. ரூட்டருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஸ்டீல் பீரோ இருந்தால் கேட்கவே வேண்டாம். உடனே போன் 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அது சுவரைத் தாண்டும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றே மூன்றுதான். அபார்ட்மென்ட்டில் வைஃபை லிஸ்டைத் திறந்து பாருங்கள், இருபது பெயர் வரும். இருபது பேரும் மூன்று பாதையில் நெருக்கியடித்துப் போகிறார்கள்.

இதற்குப் பெரும்பாலானவர்கள் வாங்குவது பிளக்கில் குத்துகிற ரிப்பீட்டர். மலிவான ரிப்பீட்டர்கள் ஒரே ரேடியோவில் கேட்கவும் வேண்டும், திருப்பிச் சொல்லவும் வேண்டும். வேகம் ஏறக்குறைய பாதியாகும். போனில் நான்கு கோடு சிக்னல் தெரியும், வீடியோ சுற்றும். சிக்னல் கோடு என்பது உங்களுக்கும் ரிப்பீட்டருக்கும் உள்ள உறவு மட்டும்தான். ரிப்பீட்டருக்கும் ரூட்டருக்கும் உறவு எப்படி என்பதை அது காட்டாது.

வயர் தேவைப்படுவது இங்கேதான். ஹாலிலிருந்து பெட்ரூம் வரை ஒரு லேன் கேபிள். அந்த முனையில் இன்னொரு ரூட்டரை அக்சஸ் பாயின்ட்டாக வைத்தால், அறைக்குள் உங்களுக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு வைஃபை பிறக்கும். அதற்குக் காசு கொடுத்துப் புதிதாக வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. பரணில் கிடக்கும் பழைய ரூட்டரில் டி.எச்.சி.பி-யை நிறுத்திவிட்டு, முகவரி மெயின் ரூட்டரோடு மோதாதபடி மாற்றி, லேன் போர்ட்டில் வயரைக் குத்தினால் போதும். அது 5 ஜிகாஹெர்ட்ஸ் தெரிந்த ரூட்டராக இருந்து போர்ட் 100-தான் என்றாலும், சுவர் தாண்டி வந்த 20-க்கு 90 எவ்வளவோ மேல். கரன்ட் கட்டானால் மெயின் ரூட்டருக்கு மினி யு.பி.எஸ் இருந்தும் இது அணைந்துவிடும், அதை மட்டும் மனதில் வையுங்கள்.

அதோடு டிவி, டெஸ்க்டாப், கேம் கன்சோல் என்று நகராத பொருள்களையெல்லாம் வயருக்கு மாற்றிவிட்டால், காற்றில் கூட்டம் குறையும். அந்த இடம் உங்கள் போனுக்குக் கிடைக்கும். கம்ப்யூட்டரில் கேம் ஆடுபவர்களுக்கு இதில் ஸ்பீடைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு: பிங் குதிக்காது. இன்டர்வியூ நடுவில் முகம் உறைந்து நின்றவர்களுக்கும் இதே மருந்துதான். உறைவதற்குப் பல நேரம் காரணம் ஸ்பீடு குறைவு இல்லை, வைஃபை நடுநடுவே தடுமாறுவது. வீடியோ காலுக்குச் சில மெகாபிட் போதும், அது சீராக வர வேண்டும் என்பதுதான் விஷயம்.

சரி, எல்லோரும் மாற்ற வேண்டுமா?

இல்லை. உங்கள் பிளான் 100 அல்லது அதற்குக் கீழே என்றால், போர்ட்டைப் பற்றிய கவலையே வேண்டாம். 4கே வீடியோவுக்கே நெட்ஃப்ளிக்ஸ் கேட்பது 15 எம்.பி.பி.எஸ்-தான். ஸ்மார்ட் டிவிகள் பலவற்றில் இன்னமும் 100 போர்ட்தான் வைக்கிறார்கள், அதில் எந்தக் குறையும் தெரியாது. நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு, நன்றாக வேலை செய்கிற 100 எம்.பி.பி.எஸ் தாராளம் என்பது என் கருத்து.

பணக் கணக்கையும் போட்டுவிடலாம். 2020-ல் ஜியோ அறிவித்த பிளான்களில் 100-க்கு மாதம் 699 ரூபாய், 300-க்கு 1,499. வித்தியாசம் 800. 18 சதவிகித ஜி.எஸ்.டி சேர்த்தால் வருஷத்துக்கு 11,328 ரூபாய். 300 பிளான் எடுத்து, 100 போர்ட்டில் மாட்டியிருக்கும் வீடு அந்தப் பணத்துக்கு ஸ்பீடாக எதையும் வாங்கவில்லை. (பெரிய பிளானோடு வரும் ஓ.டி.டி-க்காக எடுத்தேன் என்றால் அது வேறு கணக்கு.) அதில் ஒரு பங்கில் நல்ல கிகாபிட் ரூட்டரும், வீடு முழுக்கக் கேட் 6-ம் வாங்கிவிடலாம். அதுவும் ஒருமுறை செலவு. கம்பெனிகள் இதை நமக்குச் சொல்வதில்லை என்று கோபப்பட்டுப் பயனில்லை. அவர்கள் விற்பது பிளான், கேபிள் இல்லை.

ஏர்ஃபைபர் மாதிரி வயரே இல்லாத பிராட்பேண்டுக்கு மாறினால் தப்பிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். மொட்டைமாடி ஆன்டெனாவிலிருந்து ஹால் ரூட்டருக்கு இறங்கி வருவது என்ன என்று நினைக்கிறீர்கள்? லேன் கேபிளேதான்.

ஆணி அடிக்கக் கூடாது என்கிற ஹவுஸ் ஓனர்

ரிமோட் வேலைக்காகவும் படிப்புக்காகவும் நல்ல இன்டர்நெட் அதிகம் தேவைப்படுவது வாடகை வீட்டில் இருக்கும் இளைஞர்களுக்கு. சுவரில் கை வைக்க உரிமை இல்லாததும் அவர்களுக்குத்தான். டிரில் என்ற வார்த்தையைக் கேட்டாலே அட்வான்ஸில் பிடித்துவிடுவார்கள். தட்டையான லேன் கேபிள் கிடைக்கிறது. ஸ்கர்ட்டிங் ஓரமாக ஒட்டிக் கொண்டுபோய்க் கதவுக்கு அடியில் நுழைத்துவிடலாம், காலி செய்யும்போது உரித்து எடுத்துக்கொண்டு போகலாம். அதைவிட நல்ல வழி ஒன்று சில வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. கேபிள் டிவிக்காகவும் லேண்ட்லைனுக்காகவும் சுவருக்குள் பைப் போட்டிருப்பார்கள். இப்போது அதில் எதுவும் ஓடுவதில்லை. பழைய டிவி வயரின் நுனியில் லேன் கேபிளைக் கட்டி மறுபக்கம் இழுத்தால் வந்துவிடும். எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு மணி நேர வேலை. கரன்ட் வயர் ஓடுகிற பைப்பில் மட்டும் நுழைக்க விடாதீர்கள்.

மாடிக்கு மாடி, வீட்டுக்கு வீடு வெளிப்புறமாக லேன் கேபிள் இழுத்திருக்கிறீர்களா? ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலில் அது ரூட்டர் போர்ட்டைச் சுட்டுவிடும், பழைய டெலிபோன் லைனில் மோடம் போன மாதிரியே. ஃபைபர் கண்ணாடி இழை, அதில் அந்தப் பயம் இல்லை. வெளியே ஃபைபர், உள்ளே ஈதர்நெட் என்று பிரித்துக்கொள்வதுதான் நல்லது.

டிராய் அமைப்பு 2024 அக்டோபரில் ஒரு விதிமுறை வெளியிட்டது. கட்டடங்களுக்கு டிஜிட்டல் இணைப்பு வசதியைப் பொறுத்து ஸ்டார் ரேட்டிங் தருகிற ஏற்பாடு. ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் ஸ்டார் பார்ப்பது போல, ஃபைபர் வசதி எப்படி, மொபைல் சிக்னல் எப்படி, உள்ளே வைஃபை எப்படி என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். நல்ல யோசனை. ஆனால் இது ரேட்டிங் வேண்டும் என்று முன்வரும் கட்டடங்களுக்கு. மேஸ்திரியும் எலெக்ட்ரீஷியனும் முடிவு செய்கிற நம் தெரு வீடுகளுக்கு இது எப்போது வந்து சேரும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஊரில் அப்பா அம்மா வீடு கட்டிக்கொண்டிருந்தால், பூச்சு வேலை ஆரம்பிக்கும் முன் ஒரு போன் போடுங்கள். ஃபைபர் உள்ளே வருகிற இடத்திலிருந்து ஒவ்வொரு அறைக்கும், டிவி மாட்டப்போகிற சுவருக்கும், மாடி ஹால் சீலிங்குக்கும், கரன்ட் வயரோடு சேராமல் தனியாக ஒரு பிவிசி பைப். இப்போதே கேபிள் வாங்கக் காசு இல்லையென்றால் பைப்பை மட்டுமாவது போடச் சொல்லுங்கள். அதற்குள் ஒரு நைலான் கயிற்றையும் விட்டு, இரண்டு முனையும் பெட்டிக்குள் இருக்கும்படி கட்டி வைக்கச் சொல்லுங்கள். கேட் 6 ஆனாலும், பத்து வருஷம் கழித்து வேறு ஏதாவது ஆனாலும், அந்தக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.